பரங்கிப்பேட்டை அம்பாசிடரும் மேஸ்திரியின் அடைப்பும்

கடலூர் பைபாஸ் ஓரத்தில் புதிதாகத் திறந்திருக்கும் பட்டறையில் ஒரு மெஷின் இறக்கியிருக்கிறார்கள். அடிபட்ட காரை அதன் மேல் ஏற்றி நிறுத்தினால், அடிச்சட்டம் எங்கே, எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைத் திரையில் சிவப்பும் பச்சையுமாகக் காட்டிவிடுகிறது. அங்கே வேலை பார்ப்பவர்கள் என்னைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு வேறென்ன வேலை, போனேன். நன்றாகத்தான் இருக்கிறது. கண்ணாடி போடாமலேயே எனக்குத் தெரிந்தது.

"நீங்கல்லாம் அப்ப எத வச்சி மாமா பாத்தீங்க?" என்று கேட்டார்கள்.

"நூல வச்சி" என்றேன். சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கிளம்பும்போது, பக்கத்தில் ஜாக்கியில் நின்ற ஒரு காருக்கு அடியில் குனிந்து சட்டத்தின் கீழ்ப்பக்கம் விரலை விட்டுத் தடவினேன். அது என் கைப்பழக்கம். எந்த வண்டியைப் பார்த்தாலும் செய்வேன், சம்பந்தி வீட்டு வண்டியானாலும் விடமாட்டேன்.

"என்னா மாமா தேடுறீங்க?"

"ஓட்ட இருக்குதான்னு பாக்குறேன்."

"ஓட்ட இருந்தா அடைக்கணுமா?"

இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். முழுப் பதிலும் சொல்லியிருந்தால் அன்று அவர்களுக்கு வேலை ஓடியிருக்காது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஏழுமலை. கார் பாடி தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலை பார்த்தவன். எங்கள் வீட்டில் எல்லோரும் நெல்லு போடுகிறவர்கள். என்னை ஏர் ஓட்ட அனுப்பினால் மாடு படுப்பதற்கு முன்னால் நான் படுத்துவிடுவேன் என்று தெரிந்ததும், அப்பா முதுநகரில் கலியமூர்த்தி மேஸ்திரியின் ஷெட்டில் கொண்டுபோய் விட்டார். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. துரு சுரண்டினேன், பட்டி தேய்த்தேன், டீ வாங்கி வந்தேன், திட்டும் வாங்கினேன். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அதே ஷெட்டில்தான் இருந்தேன்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சோனங்குப்பம் பக்கத்துக் கடற்கரைக்காரர். அவருடைய அப்பா துறைமுகத்தில் தோணி வேலை பார்த்தவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் பஞ்சும் தார்போன்ற கீலும் வைத்து, தண்ணீர் ஏறாமல் அடைப்பதுதான் அவர் வேலை. அடைப்பில் ஊசி நுழையும் இடம் விட்டால் கடலில் போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று கேட்டு வளர்ந்தவர் மேஸ்திரி. தோணி கட்டுவது குறைந்ததும் இரும்புப் பக்கம் வந்தார். ஆள் வந்தாரே தவிர, கடலை வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை.

அவர் டேப்பைத் தொடமாட்டார். "டேப்பு நம்பரு சொல்லும். நூலுதான் சரியா தப்பான்னு சொல்லும்" என்பார். அடிபட்ட வண்டியை நான்கு ஸ்டாண்டில் தூக்கி நிறுத்துவோம். சட்டத்தின் குறிப்பிட்ட இடங்களிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் புள்ளி வைப்போம். பிறகு வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பார்த்தால், வண்டியின் நிழல் மாதிரி புள்ளிகள் மட்டும் தரையில் இருக்கும். மூலைக்கு மூலை நூல் பிடிப்பார். இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பிடித்த நூல், மற்ற இரண்டு மூலைகளுக்கும் சரியாக வந்தால் சட்டம் நேர். விரல் கனம் வித்தியாசம் இருந்தாலும் முகம் மாறிவிடும். நாங்கள் அவர் முகத்தைத்தான் அளவுகோலாக வைத்திருந்தோம்.

வளைந்த இடத்தைச் சங்கிலி போட்டு, தரையில் புதைத்திருந்த தண்டவாளத் துண்டோடு கட்டி இழுப்போம். இழுத்த இழுப்பிலேயே நிறுத்திவிட்டு, சுற்றிலும் சுத்தியால் மெதுவாகத் தட்டச் சொல்வார். பிறகு அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகச் சொல்வார். "அது கொஞ்சம் ரோசன பண்ணட்டும்" என்பார். திரும்பி வந்து சங்கிலியைத் தளர்த்தினால் இரும்பு பழைய கோணலுக்குப் போகாமல் நிற்கும். அவசரப்பட்டு அவிழ்த்தால் நம்மைக் கேலி செய்வதுபோல் திரும்ப வளைந்துகொள்ளும்.

கடைசிப் பரீட்சை கடற்கரையில். அலை வந்து போன ஈர மணலில் வண்டியை நேராக ஓட்டுவார். முன் சக்கரத் தடத்திலேயே பின் சக்கரமும் போயிருந்தால் மணலில் இரண்டு கோடுதான் இருக்கும். "நாலு கோடு வந்தா அது காரு இல்லடா, நண்டு" என்று சொல்லி மறுபடி ஷெட்டுக்கே திருப்பிவிடுவார்.

இத்தனையும் முடிந்த பிறகு அவருடைய முத்திரையான வேலை ஒன்று உண்டு. காரின் அடிச்சட்டம் பெட்டிபோல உள்ளே கூடாக இருக்கும். அதன் அடிப்பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்குச் சில ஓட்டைகள் இருக்கும். அவற்றை மேஸ்திரி விடவே மாட்டார். ஒவ்வொன்றின் மேலும் சதுரத் தகடு வைத்து, பற்றவைத்து, தகட்டின் நான்கு மூலையிலும் தன் அடையாளமாக ஆணிக்குத்து குத்தி, மேலே தார் பூசுவார். உப்புத்தண்ணீர் ஏறக்கூடாது என்பது அவர் கணக்கு. கடலோரத்தில் இதற்கு நல்ல பேர். தேவனாம்பட்டினத்திலிருந்து பரங்கிப்பேட்டைவரை கார் வைத்திருப்பவர்கள், பெயின்ட் அடிக்க வந்தால்கூட, "அப்பிடியே அடைப்பும் போட்டுடு மேஸ்திரி" என்பார்கள். யாரும் அவரிடம் அந்த ஓட்டையை வைத்தவன் எதற்காக வைத்தான் என்று கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

பத்து, பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் பரங்கிப்பேட்டையிலிருந்து ஹமீது என்பவர் வந்தார். வெளிநாட்டில் இருந்துவிட்டு நிரந்தரமாக ஊர் திரும்பியிருந்தார். அவருடைய வாப்பா காசிம் பாயின் அம்பாசிடர், விபத்துக்குப் பிறகு வருடக்கணக்காக வீட்டுக் கொல்லையில் தென்னை ஓலைக்கு அடியில் கிடந்தது. வாப்பா இறந்துவிட்டார். அதை மறுபடி ஓடவைக்க வேண்டும் என்றார்.

லாரியில் வந்து இறங்கியபோது அதைக் கார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்பக்கம் இடதுபுறம் மரத்தில் மோதி உள்ளே மடங்கியிருந்தது. கார்புரேட்டர் இல்லை, டைனமோ இல்லை, முன் கிரில் இல்லை, ஹெட்லைட் இருந்த இடத்தில் அணில் கூடு. கதவுக் கைப்பிடிகளைக் கழற்றியவர்கள் ஸ்க்ரூக்களையும் விடவில்லை.

"எப்பிடி இடிச்சிது?" என்று மேஸ்திரி கேட்டார்.

"டிரைவர் தூங்கிட்டார் மேஸ்திரி. குமராட்சி ராஜாங்கம்னு எங்ககிட்ட ரொம்ப நாளா இருந்தவர். வாப்பாவும் அவரும் காட்டுமன்னார்கோயில்ல ஒரு கல்யாணத்துல சாப்பிட்டுட்டு மத்தியானம் திரும்பி வந்திருக்காங்க. கொள்ளிடக்கரை ரோட்டுல நேராப் போயி புளியமரத்துல. வாப்பாவுக்கு இடுப்பு போச்சு. அப்புறம் கடைசிவரைக்கும் கோலு ஊனித்தான் நடந்தாங்க."

"டிரைவருக்கு?"

"மண்டையில அடி. பொழச்சிக்கிட்டார். ஆனா அதுக்கப்புறம் ஸ்டியரிங்கத் தொடல. வாப்பா மட்டும் அவன் தூங்கலன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. இரக்கப்பட்டவங்க, அப்பிடித்தான் சொல்லுவாங்க."

சாமான் தேடுவது என் பொறுப்பு. சிதம்பரத்தில் பழைய இரும்புக் கடைகளில் ஏறி இறங்கினேன். கீழ வீதிப் பக்கம் ஒரு கடையில் கிரில்லைக் கண்டுபிடித்தேன். கடைக்காரர் அதைச் சுவரில் மாட்டி, அதன் மேல் துணி காயப்போட்டிருந்தார். கல்யாணக் கார் ஓட்டும் ஒருவரிடம் டைனமோ கிடைத்தது. கதவுக் கைப்பிடிக்குப் பாண்டிச்சேரிவரை போனேன். மூன்று கிடைத்தது. நாலாவதை மேஸ்திரி பித்தளையில் அறுத்து, ராவி, தானே செய்தார்.

பிறகு சட்டத்துக்கு வந்தோம். இடப்பக்கத்துச் சட்டம் உள்நோக்கி வளைந்திருந்தது கண்ணுக்கே தெரிந்தது. சங்கிலி போட்டு இழுத்தோம். இழுக்க இழுக்க நூல் கணக்கு சரியாக வரவில்லை. இடப்பக்கத்தை இழுத்தால் வலப்பக்கம் நகர்ந்தது. வலப்பக்கம் அடியே படாத பக்கம்.

"நிறுத்து" என்றார் மேஸ்திரி.

நான் அடியில் படுத்து வலப்பக்கச் சட்டத்தைச் சுத்தியால் தட்டிக்கொண்டே வந்தேன். டங் டங் என்று வந்த சத்தம், ஸ்டியரிங் பெட்டி மாட்டியிருக்கும் இடத்தில் பொத்தென்று அடங்கியது. தாரைச் சுரண்டினேன். ஒரு சதுரத் தகடு தெரிந்தது. நான்கு மூலையிலும் ஆணிக்குத்து.

நான் அந்த ஷெட்டுக்கு வருவதற்கு முன்பே, வண்டி புதிதாக இருந்தபோதே அடைப்புக்கு வந்திருக்கிறது. காசிம் பாய்தான் கொண்டுவந்திருப்பார். மேஸ்திரிக்கு நினைவில்லை. எத்தனையோ வண்டி.

அந்த இடத்தை அறுத்து எடுத்தோம். உள்ளேயிருந்து துருவும் சேறும் கலந்து களியாகக் கொட்டியது. இத்தனை வருடம் கொல்லையில் கிடந்த வண்டி, உள்ளே இன்னும் ஈரமாக இருந்தது. உப்பனாற்றுச் சேற்று நாற்றம். மேலே உள்ள இடுக்குகள் வழியாக மழைத்தண்ணீர் எப்படியும் உள்ளே இறங்கும். இறங்கிய தண்ணீர் வெளியே போகத்தான் அடியில் அந்த ஓட்டை. அதை அடைத்ததால் தண்ணீர் உள்ளேயே தங்கி, தகட்டை அப்பளமாக்கியிருந்தது. ஸ்டியரிங் பெட்டியை இறுக்கியிருந்த போல்ட் ஓட்டைகளைப் பார்த்தேன். மோதிக் கிழிந்திருந்தால் விளிம்பு மடங்கி ஒருபக்கமாகப் பிய்ந்திருக்கும். இவை ஆடி ஆடித் தேய்ந்து, நீள்வட்டமாகப் பெரிதான ஓட்டைகள். பெட்டி சட்டத்திலிருந்து கழன்றால், ஸ்டியரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் பெட்டிதான் திரும்பும், சக்கரம் திரும்பாது. மரத்தில் மோதியதால் இது உடையவில்லை. இது உடைந்ததால்தான் வண்டி மரத்தில் மோதியிருக்கிறது.

 இதை யாரும் சொல்லவேண்டிய தேவை இல்லை. மேஸ்திரி அந்தத் துண்டைக் கையில் வாங்கி, நான்கு ஆணிக்குத்தையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "தூக்கிப் போட்டுட்டு புதுத் தகடு வச்சிடலாம் மேஸ்திரி. யாருக்குத் தெரியப்போவுது" என்றேன்.

"எங்கப்பா தோணிய அடச்சாரு. நான் எல்லாத்தையும் தோணின்னே நெனச்சிட்டேன்டா" என்றார். துண்டை மடியில் வைத்துக்கொண்டு, "அந்த டிரைவரு உயிரோட இருக்கானா கேளு" என்றார்.

துண்டை யூரியா சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு இருவரும் சிதம்பரம் போய், அங்கிருந்து குமராட்சிக்கு மினிபஸ் ஏறினோம். வழியெல்லாம் நாற்றங்கால். மேஸ்திரி சாக்கை மடியிலேயே வைத்திருந்தார். கண்டக்டர் கீழே வைக்கச் சொன்னபோதும் வைக்கவில்லை.

ராஜாங்கம் நாற்றுக்கட்டு சுமந்துவிட்டு அப்போதுதான் வந்து, கால் கழுவிக்கொண்டிருந்தார். மெலிந்த ஆள். நாங்கள் யார் என்று சொன்னதும் அவருடைய மனைவிதான் முந்திக்கொண்டு பேசினார். "அந்த வண்டிப் பேச்ச எடுக்காதீங்க. பேரன சைக்கிள்ல உக்கார வச்சா தள்ளிக்கிட்டுத்தான் போவாரு, ஏறி மிதிக்க மாட்டாரு. மினிபஸ்காரன் வண்டிய கொஞ்சம் பின்னால எடுத்துக் குடுன்னு கேட்டாக்கூட ஓடிப்போயிடுவாரு."

மேஸ்திரி சாக்கைப் பிரித்தார். சுற்றி வளைக்கவில்லை. எது எங்கே இருக்கும், எப்படி உளுத்துப்போனது, எப்படிக் கழன்றிருக்கும் என்று விரல் வைத்துக் காட்டினார். கடைசியாக அந்தச் சதுரத் தகட்டைக் காட்டி, "இது நான் போட்டது. நீ தூங்கலப்பா" என்றார்.

ராஜாங்கம் துண்டை வாங்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மதகத் தாண்டுனது ஞாபவம் இருக்கு" என்றார். "அப்புறம் ஆஸ்பத்திரிதான். தூங்கிட்டியாடான்னு எல்லாரும் கேட்டாங்க. தூங்கலன்னு சொல்றதுக்கு எனக்கு ஞாபவம் இல்ல. கல்யாணச் சாப்பாடு வேற. சரி, தூங்கித்தான் இருப்பேன்னு நானே எடுத்துக்கிட்டேன்."

"பாயி என்னா சொன்னாரு?"

"பாயி ஒரே பேச்சுதான் பேசுவாரு. நீ ஒடிச்ச, வண்டி திரும்பல, நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன்னு. ஒவ்வொரு பெருநாளைக்கும் கோலு ஊனிக்கிட்டு இங்க வந்து அதையே சொல்லுவாரு. எனக்கு வெக்கமா இருக்கும். இடுப்ப ஒடச்சவன் மேல இத்தினி எரக்கமான்னு நெனப்பேன்." நிறுத்தி, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவரு என்னைய மன்னிச்சிட்டாருன்னுதான் இத்தினி வருசமா இருந்தேன். அவரு மன்னிக்கவே இல்ல. மன்னிக்க ஒண்ணுமில்லன்னுதான் சொல்லியிருக்காரு. எனக்குத்தான் காதுல ஏறல."

அவர் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார். மேஸ்திரி இரண்டு கையையும் கூப்பினார். ராஜாங்கம் எழுந்து அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். கோபமா, இல்லையா என்று எனக்குப் புரியவில்லை. திரும்பும்போது மினிபஸ்ஸில் மேஸ்திரி, "திட்டியிருந்தா தேவலாம்" என்றார்.

ஹமீதிடமும் மேஸ்திரியே சொன்னார். வண்டியை வேறு ஷெட்டுக்குக் கொண்டுபோவதானால் தானே லாரி வைத்து அனுப்புவதாகவும் சொன்னார். ஹமீது அந்தத் தகட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "நீங்களே முடிங்க" என்றார்.

வலப்பக்கச் சட்டத்தில் உளுத்ததையெல்லாம் வெட்டி, புதுத் தகடு மடித்துப் பெட்டியாகக் கட்டினோம். இடப்பக்கத்தை இழுத்து நிமிர்த்தினோம். இந்த முறை அது யோசனை செய்ய மேஸ்திரி கொடுத்த அவகாசம் ரொம்ப ஜாஸ்தி. நாங்கள் சாப்பாட்டையே முடித்துவிட்டு வந்தோம். நூல் சரியாக வந்தது. எல்லாம் முடிந்ததும் டிரில்லை எடுத்துக்கொண்டு தானே அடியில் படுத்து, பழைய இடத்தில் ஓட்டைகளைப் போட்டார். ஒவ்வொன்றிலும் கம்பியை விட்டுக் குடைந்து பார்த்தார். கடற்கரையில் ஓட்டியபோது மணலில் இரண்டே கோடுகள். வேறு வண்டியாக இருந்தால் கை தட்டியிருப்போம்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் நடந்தது. அடைப்புப் போட்ட வண்டிக்காரர்களை மேஸ்திரி ஒவ்வொருவராகத் தேடிப் போனார். "நான் போட்டது தப்பு, தொறந்து விடணும், வண்டியக் கொண்டாங்க" என்று அவர்கள் வாசலிலேயே நின்று சொன்னார். சிலர் சிரித்தார்கள். சிலர் இனி உன் ஷெட் பக்கமே வரமாட்டோம் என்றார்கள். வராதவர்களின் வீட்டுக்கு டிரில்லோடு என்னை அனுப்பினார். இன்றைக்கும் என் விரல் ஓட்டையைத் தேடுவது அந்த அலைச்சலில் வந்த பழக்கம்தான்.

வண்டியைக் கொடுக்கும் நாள் ஐப்பசி மாதத்தில் வந்தது, வானம் மூடிக்கொண்டு இருந்தது. நாங்கள் பரங்கிப்பேட்டைக்குப் போனபோது ராஜாங்கம் வாசலுக்கு வெளியே தெருவிலேயே நின்றிருந்தார். ஹமீதுதான் வரவழைத்திருக்கிறார். காசிம் பாய் மவுத்தானபோது அடக்கத்துக்கு வந்த பிறகு அந்த வீட்டுப் படி ஏறாதவர். சலவைச் சட்டை போட்டிருந்தார்.

ஹமீதின் உம்மா வாசலுக்கு வந்தார். வயதான அம்மாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, காரைப் பார்த்தார், ராஜாங்கத்தைப் பார்த்தார்.

"அவங்க சொல்லிக்கிட்டே இருந்தாங்க ராஜாங்கம். நாந்தான் நம்பல. நல்ல மனசு, அதான் மறச்சிப் பேசுறாங்கன்னு நெனச்சேன். உள்ளதச் சொன்ன மனுசனப் போயி பொய் சொல்றாங்கன்னு நெனச்சிக்கிட்டே காலம் பூரா குடும்பம் நடத்தியிருக்கேன்."

"நானும் அப்பிடித்தாம்மா நெனச்சேன்" என்றார் ராஜாங்கம்.

அந்த அம்மாள் பின்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார். "சிதம்பரத்துல என் தங்கச்சி வூட்டுக்குப் போயிட்டு வரணும். எடு" என்றார்.

"லைசென்ஸ் இருக்கா?" என்று ஹமீது மெதுவாகக் கேட்டார்.

ராஜாங்கம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். ஒரு தடவைகூட விடாமல் புதுப்பித்திருந்தார். 

முன்னால் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். இந்தப் பக்கம் ஒருமுறை ஒடித்தார், அந்தப் பக்கம் ஒருமுறை ஒடித்தார். இறங்கி வந்து சக்கரம் திரும்பியிருக்கிறதா என்று பார்த்தார். திரும்பியிருந்தது. மறுபடி ஏறி எடுத்தார். தெருமுனையில் வண்டி மறையும்வரை மேஸ்திரி நின்றுகொண்டே இருந்தார். ஹமீது உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நல்ல மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர் ஓடியது.  மேஸ்திரி வாசலைப் பார்த்தபடி நின்றார். மழை விட்ட பிறகுதான் வண்டி வந்தது. உம்மா தங்கை வீட்டில் கொடுத்த பையோடு சிரித்துக்கொண்டே இறங்கி உள்ளே போனார்.

மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்குப் பக்கத்தில் குந்தி, அடியில் பார்த்தார். வலப்பக்கச் சட்டத்தின் ஓட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முதலில் வேகமாக, பிறகு விட்டு விட்டு. ராஜாங்கம் இன்ஜினை நிறுத்திவிட்டு வந்து, அவருக்குப் பக்கத்திலேயே குந்திப் பார்த்தார். அதுவரை அவரை மேஸ்திரி என்றுகூடக் கூப்பிடாமல் இருந்தவர்.

"ஒழுவுது மாமா" என்றார்.

"ஒழுவட்டும்பா" என்றார் மேஸ்திரி.

கடைசிச் சொட்டு விழும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.